மயக்க மருந்தா உடம்பை உருக்கியது?

கேள்வி: 58 வயதான என் அம்மாவுக்கு, கட்டிகள் இருந்த கருப்பையை மூன்று வாரங்களுக்கு முன்பு வயிற்றைத் திறந்து அகற்றினார்கள். அதன்பின் 4 கிலோ எடை குறைந்து, வளையல்கள் முழங்கை வரை ஏறுகின்றன. முழு மயக்கம் கொடுத்ததால்தான் உடம்பிலுள்ள புரதம் உருகிவிட்டது என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா? புண் சீழ் பிடிக்கும் என்று முட்டை, பருப்பை நிறுத்திவிட்டு, கஞ்சியும் ரசம் சாதமும் மட்டுமே கொடுத்து வருகிறோம்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லை. மயக்க மருந்தின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் இதில் அதன் பங்கு மிகச் சிறியது. மயக்கத்தில் இருக்கும் சில மணி நேரம் உடலின் புரத ஆக்கம் ஓரளவு தணிகிறது என்பது உண்மையே. எனினும் செவோஃப்ளூரேன் போன்ற வாயு மருந்துகளின் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடுவதாலும், ஊசி வழியே செலுத்தும் மயக்க மருந்தான புரொபோஃபால் கல்லீரலில் விரைவாக மாற்றப்பட்டுவிடுவதாலும், மூன்று வாரங்கள் கழித்துத் தசையைக் கரைக்க அவை உடலில் இருப்பதில்லை. குறைந்த 4 கிலோவில் அகற்றிய கட்டிகளின் எடையும் அடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையான காரணம் அறுவைக் காயம். உடலைப் பொறுத்தவரை கத்தியால் ஆன காயமும் விபத்தில் ஆன காயமும் ஒன்றுதான். கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்கள் உயர்கின்றன. இன்சுலினின் சொல்லுக்குத் தசை கட்டுப்பட மறுக்கிறது. தசைப் புரதம் சிதைந்து அலனின், குளுட்டமின் முதலிய அமினோ அமிலங்களாகக் கல்லீரலுக்குச் சென்று, அங்கே சர்க்கரையாகவும் அழற்சிக்காலப் புரதங்களாகவும் மாறுகிறது. மிஞ்சும் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் போய்விடும். எலும்பு முறிந்த நோயாளிகளிடம் இந்த நைட்ரஜன் இழப்பை 1930களில் கிளாஸ்கோவில் அளந்து காட்டியவர் டேவிட் கத்பர்ட்சன் என்ற ஆய்வாளர். 1 கிராம் நைட்ரஜன் போனால் 6.25 கிராம் புரதம் போனதாகக் கணக்கு. தசையாகப் பார்த்தால் அது ஏறத்தாழ 30 கிராம். முதுகில் மெல்லிய குழாய் வைத்துக் கொடுக்கும் எபிடியூரல் மருந்து, காயத்தின் வலிச் செய்தி மூளைக்குப் போவதைத் தடுத்து இந்த இழப்பைக் குறைக்கிறது. அதாவது, மயக்கவியலின் ஒரு முறை புரதத்தைக் காக்கவே செய்கிறது.

இனி உங்கள் வீட்டுப் பத்தியத்துக்கு வருகிறேன். என் குறை அதன் மேல்தான். பருப்பாலும் முட்டையாலும் புண் சீழ் பிடிப்பதில்லை. சீழுக்குக் காரணம் கிருமி. காயம் ஆறுவதற்கான கொலாஜனே ஒரு புரதம். அறுவைக்குப் பின் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. உங்கள் தாயார் 55 கிலோ இருந்தால் நாளொன்றுக்கு 66 முதல் 82 கிராம். கஞ்சி, ரசம் சாதத்தோடு மூன்று இட்லி, ஒரு டம்ளர் பால் சேர்த்தாலும் 30 கிராமைத் தாண்டுவதே கடினம்.

அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையெனில் தினமும் இரண்டு முட்டை, கெட்டிப் பருப்பு, தயிர், மாலையில் நன்றாக வெந்த சுண்டல் என்று கொடுக்கலாம். அசைவம் உண்பவரானால் மீன் குழம்பும் நல்லது. படுக்கையிலேயே கிடந்தால் தின்றது தசையில் சேராது என்பதால், காலையும் மாலையும் கூடத்திலாவது நடக்கவிடுங்கள். நோயாளிக்கென்று ரசத்தின் தெளிவை மட்டும் இறுத்து ஊற்றுவது நம் வழக்கம். பருப்பெல்லாம் அடியில் தங்கும் மண்டியில்தான் இருக்கிறது, அதையும் கலக்கி ஊற்றுங்கள்.