வல்லரசு உறவுகள் பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளால் நிஜத்தில் ஏதாவது நடந்திருக்கிறதா?

கேள்வியில் "ஏசி அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுபவர்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். அது சுட்டதால்தான் எழுதுகிறேன். நானும் அப்படியோர் அறையில் இருந்தவன். நீங்கள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இந்தப் படிப்புக்கு மாறலாமா என்று யோசிப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

நடந்திருக்கிறது. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்ததும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆஷ்டன் கார்ட்டர் முதலான ஆய்வாளர்கள் சிலர் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்: சோவியத் உடைந்தால் அதன் அணுகுண்டுகள் யார் கையில்? நவம்பரில் அறிக்கை தயார். அமெரிக்க செனட்டர்கள் நன், லூகர் முயற்சியில் டிசம்பரில் சட்டமே வந்தது. நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டின் ஆயுதங்களைப் பத்திரப்படுத்தவும் அழிக்கவும் அமெரிக்கா தன் ராணுவ பட்ஜெட்டிலிருந்து 40 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 1996 முடிவதற்குள் உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் மூன்றிலும் இருந்த சோவியத் அணு ஆயுதங்கள் அகற்றப்பட்டன.

"உக்ரைன் குண்டுகளை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் ரஷ்யா படையெடுத்திருக்குமா?" என்று கிளம்புவீர்கள், தெரியும். ஆனால் அந்தக் குண்டுகளை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம்தான் இருந்தது. அறிக்கை ஒன்றாலேயே சட்டம் வந்தது என்றும் நான் சொல்லவில்லை.

என் கதை இதைவிடச் சின்னது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓர் ஆய்வு மையத்தில் உதவியாளராக இருந்தேன். 2001இல் ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின அல்லவா, அந்த மாதிரி நேரத்தில் எந்த ராணுவத்தில் யார் யாருக்குப் போன் செய்வது என்பதுதான் எங்கள் பேராசிரியரின் ஆய்வு. அவருடைய நீண்ட கட்டுரையை ஒரே பக்கமாகச் சுருக்கும் வேலை எனக்கு. அடிக்குறிப்புகளை வெட்டும்போதெல்லாம் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே! இது தொடர்பான மசோதா ஒன்று தயாராகிக்கொண்டிருந்ததால், அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போனோம். செனட்டர் ஒருவரின் உதவியாளர், என்னைவிட இளையவர், படித்து முடித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "சரி, மசோதாவில் எந்த வரியை மாற்ற வேண்டும்?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் மசோதா வரைவை மேசையில் விரித்து, வரி வரியாக உட்கார்ந்தோம். பிறகு வந்த வடிவத்தில் நாங்கள் எழுதிக்கொடுத்தது போலவே ஒரு வரி இருந்தது. எங்களால்தான் வந்தது என்று நிரூபிக்கச் சொல்லாதீர்கள், முடியாது. எனக்கு அது போதும்.

சேருவதானால் சேருங்கள். ஆனால் வேலை நிரந்தரமில்லை. மனிதகுலத்துக்கே வரக்கூடிய பேராபத்துகளை ஆராய ஆக்ஸ்ஃபோர்டில் 2005இல் தொடங்கிய மையமே 2024இல் மூடப்பட்டது. எனக்கும் ஒப்பந்தம் வருடா வருடம்தான்.