நேபாளத்தின் வணிகமும் இந்திய எல்லையும்: கேள்வி பதில்

நேபாளத்தின் வணிகம் இந்தியாவை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்பது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்களைக் கீழே தருகிறேன்.

கேள்வி: இந்தச் சார்பை எதை வைத்து அளவிடுகிறீர்கள்?

பதில்: நேபாளத்தின் அயல்வணிகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுடன் நடக்கிறது, இந்தியாவின் வணிகத்திலோ நேபாளத்தின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆனால் அளவைவிட வழியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். மூன்றாம் நாடுகளில் வாங்கும் சரக்கும் பெரும்பாலும் கொல்கத்தாவிலோ விசாகப்பட்டினத்திலோ இறங்கி, ரக்சௌல் போன்ற எல்லை ஊர்களைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். அதாவது, விற்பவர், வாங்குபவர், வாசலைக் காப்பவர் ஆகிய மூவரும் ஒருவரே.

கேள்வி: 2015இல் நடந்ததை முற்றுகை என்று சொல்லலாமா?

பதில்: அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அதில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்று தெற்குச் சமவெளியின் மதேசிக் கட்சிகள் எல்லையில் போராடின. போராட்டத்தால்தான் லாரிகள் செல்லவில்லை என்றது இந்திய அரசு; போராட்டம் இல்லாத சாவடிகளிலும் எரிபொருள் குறைந்ததைக் காட்டி, காட்மாண்டு அதை முற்றுகை என்றது. பெயர் எதுவாயினும், ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேரை இழந்து, தகரக் கொட்டகைகளில் குளிர்காலத்தைக் கழித்த மக்கள் சமையல் எரிவாயுவும் மருந்தும் கிடைக்காமல் தவித்தார்கள் என்பதை என்னால் எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. 1989இலும் வணிக உடன்படிக்கை காலாவதியானபோது, இரண்டு சாவடிகளைத் தவிர மற்றவை ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தன. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நாட்டில் போதிய எரிபொருள் இருப்பு இல்லாதிருந்தது நேபாள அரசுகளின் பிழையே.

கேள்வி: சீனா மாற்று வழி ஆகாதா?

பதில்: 2016இல் போக்குவரத்து உடன்பாடு கையெழுத்தாயிற்று; 2019இல் தியான்ஜின் உள்ளிட்ட நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த வழி பிறந்தது. ஆனால் எல்லையிலிருந்து கொல்கத்தா ஏறத்தாழ 700 கிலோமீட்டர். தியான்ஜினோ 3,000 கிலோமீட்டருக்கும் மேல். நிலநடுக்கத்தில் சேதமுற்ற, சீன எல்லையிலுள்ள தாதோபானி வழி 2019 வரை மூடிக் கிடந்தது. மற்றொரு சீன எல்லைச் சாவடியான ரசுவாகடியின் நட்புறவுப் பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துச் சென்றது. அரசியல் கைகொடுத்தாலும் இமயமலை கைகொடுப்பதில்லை.

கேள்வி: இந்தியச் சந்தை பக்கத்தில் இருப்பது ஏற்றுமதிக்கு நல்லதுதானே?

பதில்: நல்லதுதான், ஆனால் விற்பது என்ன என்று பாருங்கள். நேபாளம் அயல்நாட்டுக் கச்சா பாமாயிலையும் சோயா எண்ணெயையும் இறக்குமதி செய்து, சுத்திகரித்து, தெற்காசியத் தடையற்ற வணிக ஏற்பாட்டின் வரிச் சலுகையில் இந்தியாவுக்கு அனுப்புகிறது. இலாபத்தின் ஊற்று இரு நாட்டு வரிகளுக்கிடையிலான வித்தியாசமே. 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்ததும் அந்த ஏற்றுமதி முடங்கியது. முன்னர் வனஸ்பதிக்கும் இதே கதிதான்: 2002இல் ஆண்டுக்கு 1,00,000 டன் என்ற வரம்பு வந்தது.

கேள்வி: நாணயம்?

பதில்: 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது மாறவில்லை. இவ்வளவு வணிகம் இருக்கையில் அதை மாற்றாதிருப்பதே நலம்.

கேள்வி: நீர்மின்சாரம் இந்நிலையை மாற்றுமா?

பதில்: பத்தாண்டுகளில் 10,000 மெகாவாட் வரை வாங்க 2024 ஜனவரியில் இந்தியா உடன்பட்டது. எனினும் சீன முதலீடு உள்ள திட்டங்களின் மின்சாரத்தை அது ஏற்பதில்லை. வங்கதேசத்துக்கு விற்கும் 40 மெகாவாட்டும் இந்தியக் கம்பிகள் வழியாகவே செல்கிறது. ஆகவே உள்நாட்டுப் பயன்பாட்டையே நான் பெரிதும் நம்புகிறேன். 2015இல் எரிவாயு கிடைக்காமல் மின்னடுப்பு வாங்கியவர்களும் நீண்ட மின்வெட்டால் சமைக்க முடியாமல் இருந்தார்கள். இன்று அந்த மின்வெட்டு இல்லை, புதிதாக இறக்குமதியாகும் கார்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் ஓடுகின்றன. ஆறுகள் வற்றும் குளிர்காலத்தில் மட்டும் இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது. மழைநீரைத் தேக்கும் பெரிய அணைகள் எழும்வரை அது தொடரும்.