காலண்டர் தாளின் பின்பக்கம்

அன்புள்ள அக்கா,

நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். படிப்பு முடிந்து பதினொரு வருடம் ஆகிறது. இப்போது ஆவடியில் வாடகை வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்படி, துணி காயப்போட மட்டும் இடம் உள்ள ஒரு பால்கனி. பிள்ளைகள் இரண்டு பேர், சின்னவனுக்கு ஒன்றரை வயது. கூடப் படித்தவர்கள் ஹம்பி, லடாக் என்று போய் வரைந்து போனில் போடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, அப்புறம் ராத்திரி தூக்கமும் வருவதில்லை.

போன மாதம் ஒருநாள் மதியம் சின்னவன் தூங்கியதும் பெயிண்ட் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்க்க என்ன இருக்கிறது? குக்கர், பால் கவர், கொடியில் துணி. மூடி வைத்துவிட்டேன். அன்றாட வாழ்க்கையிலேயே அழகு இருக்கிறது என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். உண்மையாகவே இருக்கிறதா, இல்லை எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லும் ஆறுதலா? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். பெட்டியில் இருந்த பெயிண்டெல்லாம் காய்ந்து கட்டியாகிவிட்டது. புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

சு., ஆவடி

அன்புள்ள சு.,

கோபத்தில் கேட்டிருந்தாலும் தப்பில்லை. இடுப்பில் பிள்ளையும் அடுப்பில் குக்கருமாக நிற்கும் ஒருத்தியிடம், இங்கேயே அழகு இருக்கிறது, கண்ணைத் திறந்து பார் என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் அந்த அடுப்படியில் நிற்பவராக இருக்கமாட்டார். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நேரம் இல்லை என்பது நிஜமான குறை. ரசனையைக் கொண்டு அதைச் சரிக்கட்ட முடியாது. வாரத்தில் ஒரு மதியமாவது உங்கள் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்டு வாங்குங்கள்.

ஆனால் "பார்க்க என்ன இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கொடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெரியவனின் வெள்ளைப் பள்ளிச் சட்டை காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் நாலு மணிக்கு அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். வெயில் படும் தோள்பட்டையில் லேசான மஞ்சள் இருக்கும். மடிப்புக்குள்ளே, வெயில் எட்டாத இடத்தில், நீலம் தெரியும்; அங்கே வெளிச்சம் தருவது வானம் மட்டும்தான். பக்கத்தில் சிவப்பு நைட்டி ஏதாவது தொங்கினால் அதை ஒட்டிய கையில் ரோஸ் ஏறியிருக்கும். வெள்ளை என்று அடித்துச் சொல்லக்கூடிய இடம் அந்தச் சட்டை முழுக்கத் தேடினாலும் உள்ளங்கை அளவுகூடத் தேறாது.

இது நம் வீடுகளில் எல்லோருக்கும் எப்போதோ தெரிந்த விஷயம். வெள்ளைத் துணி பழுப்பேறினால் கடைசி அலசலில் சொட்டு நீலம் விடுகிறோம். நீலம் போய் மஞ்சளை அமுக்குகிறது, சட்டை வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளைக்குள்ளே வேறு நிறங்கள் இருக்கின்றன என்பதை வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு நம் பாட்டிகளே செய்து பார்த்திருக்கிறார்கள். வரைய உட்காரும்போது மட்டும் நமக்கு அது மறந்துபோகிறது. சட்டை என்றால் வெள்ளை என்று பேப்பரை அப்படியே விட்டுவிடுகிறோம்.

இந்த வெள்ளையை மட்டும் வைத்தே ஒருவர் ஒரு பெரிய படம் வரைந்திருக்கிறார். பியர் பொன்னார் என்ற பிரெஞ்சு ஓவியர், 1932இல் வரைந்தது. பெயரே 'வெள்ளை அறை'தான். கல்லூரி நூலகத்தில் பார்த்திருப்பீர்கள். கதவு, சுவர், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர், மேசை விரிப்பு எல்லாமே வெள்ளை. ஆனால் ஒரு வெள்ளை இன்னொன்றைப் போல இல்லை. கதவு வெண்ணெய் நிறத்தில், இன்னொன்று கத்தரிப்பூ தோய்ந்ததுபோல, இன்னொன்றில் நீலம். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்திருக்கிறாள். தரையின் நிறமும் அவள் நிறமும் கலந்து கிடப்பதால் முதல் பார்வைக்கு அவள் இருப்பதே தெரியாது. நான் அசலைப் பார்த்ததில்லை, அச்சில் பார்த்ததுதான். அதிலேயே அவளைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒருவருக்கொருவர் பழகிப்போன வீட்டில் அப்படித்தானே ஆகிறது? அடுப்படியில் ஆள் நிற்பதே மற்றவர்கள் கண்ணில் படுவதில்லை.

அந்தப் பெண் அவர் மனைவி மார்த். பொன்னார் 1867இல் பிறந்தவர், சட்டம் படித்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். 1926இல் பிரான்ஸின் தெற்கே, கான் நகரத்துக்கு மேலே உள்ள லெ கானே என்ற ஊரில் மேட்டில் ஒரு சாதாரண வீடு வாங்கினார். அங்கிருந்து பார்த்தால் மத்தியதரைக் கடலும் மலையும் தெரியும். வேறு யாராவது என்றால் கடலையே வரைந்து தீர்த்திருப்பார்கள். அவரும் ஜன்னல் வழியாக அதை வரையத்தான் செய்தார். ஆனால் அந்த வீட்டில் இருந்த இருபது வருடத்தில் அவர் திரும்பத் திரும்பப் போனது சாப்பாட்டு மேசைக்கும் பழக்கூடைக்கும் குளியலறைக்கும்தான். மேசைக்கடியில் ஒரு நாய் இருக்கும்.

அவர் வேலை செய்த விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். அவர் பொருளுக்கு முன்னால் ஸ்டாண்டைப் போட்டு உட்கார்ந்து வண்ணம் தீட்டவில்லை. சட்டைப்பையில் அடங்கும் டைரி ஒன்று வைத்திருந்தார், வருடத்துக்கு ஒன்று. அன்றைய தேதிக்குக் கீழே வானிலையை ஓரிரு வார்த்தையில் எழுதுவார்: தெளிவு, மேகம், மழை. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு படம். அதே பக்கத்தில் கடையில் வாங்க வேண்டிய சாமான்களும் இருக்கும். 1927 முதல் 1946 வரையிலான அந்த டைரிகள் இன்று பிரான்ஸ் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சாமான் பட்டியலோடு சேர்த்துத்தான்.

வண்ணம் தீட்டுவது பிறகு, மாடியில் ஒரு சின்ன அறையில், நினைவிலிருந்து. சட்டத்தில் மாட்டாத துணியைச் சுவரில் ஆணியடித்து, ஒரே சமயம் மூன்று நான்கு படங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு படம் முடிய வருடக்கணக்கில் ஆகும். பொருள் கண்ணெதிரில் இருந்தால் அது தன்னை இழுத்துக்கொண்டுபோய்விடும் என்பது அவருடைய பயம்.

உங்களுக்கு இது எவ்வளவு தோது பாருங்கள். பால் காயும் நேரத்தில் பென்சில் படம் போட்டுவிடலாம். வண்ணம் அந்த வாரத்தின் ஒரு மதியத்துக்குக் காத்திருக்கட்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வீட்டில் எல்லாம் இன்பமயமாக இருந்துவிடவில்லை. மார்த்துக்கு உடம்பு முடியாது, ஆட்களோடு பழக்கமும் அதிகமில்லை. மணிக்கணக்கில் குளியல் தொட்டியில் கிடப்பார். அந்தத் தொட்டியில் கிடக்கும் மார்த்தை வைத்துத்தான் அவருடைய மிகப்பெரிய படங்கள் வந்தன. 1942 ஜனவரியில் மார்த் இறந்துபோனார். வெளியே போர். 1941இல் தொடங்கிய ஒரு குளியல் தொட்டிப் படத்தை மார்த் போன பிறகும் விடாமல் 1946 வரை வரைந்துகொண்டிருந்தார் பொன்னார். சுவர் ஓடுகளெல்லாம் தங்கமும் ஊதாவும் நீலமுமாக எரியும் அந்தப் படத்தில். நீங்கள் ஆறுதலா என்று கேட்டீர்களே, அதற்கு இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். துக்கம் இல்லாத மனிதனின் படம் இல்லை அது.

அப்புறம் என் அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு நிறம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அஞ்சாவது வரை படித்தவர். தஞ்சாவூரில் சேலைக் கடைக்குப் போனால் டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தச் சேலையையும் எடுக்கமாட்டார். "இந்த லைட்ல கலர் ஏமாத்தும்" என்று சொல்லி, முந்தானையை மட்டும் பிரித்து வாசல்படி வரை கொண்டுவந்து வெயிலில் காட்டுவார். கடைக்காரரும் ஒன்றும் சொல்லமாட்டார்; அம்மாவுக்கு முன்னால் நாலு பேர் அதே படியில் நின்றிருப்பார்கள். வெயிலில் விரித்ததும் பெயர் விழும்: மாம்பழக் கலர், எலுமிச்சை, அரக்கு, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயக் கலர், காப்பிப்பொடி, செங்கல், மயில் கழுத்து. மாம்பழத்துக்கும் எலுமிச்சைக்கும் உள்ள தூரத்தில் அம்மா ஒருநாளும் தப்பியதில்லை. இந்தப் பெயர்களைத் தேடி யாராவது வெளியூர் போனார்களா? எல்லாம் அடுப்படியிலும் கொல்லையிலும் கிடந்தவை.

மயில் கழுத்துச் சேலை ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். ஒன்று நீலம் என்றால் மற்றது பச்சை. இரண்டு நூலும் கலப்பதே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. கலப்பது நம் கண்ணில்தான். அதனால்தான் கட்டிக்கொண்டு நடந்தால் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறது. பொன்னாரும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். ஊதாவை ஒட்டி ஆரஞ்சு, அதை ஒட்டி ஒரு மஞ்சள் என்று சின்னச் சின்னத் தீற்றலாக வைத்துக்கொண்டே போனால் சுவர் நடுங்க ஆரம்பித்துவிடும். கும்பகோணத்தில் இருந்தபோது சுற்றிலும் இருந்த தறி ஊர்கள் எதிலாவது இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நேற்று சாயங்காலம் உங்கள் கடிதத்தை நினைத்துக்கொண்டே என் அடுப்படி மேடையில் இருந்த எவர்சில்வர் சொம்பைப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு தக்காளி, ஒரு கொத்து கறிவேப்பிலை. சொம்புக்கென்று சொந்தமாக நிறமே இல்லை. வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் ஒரு வளைந்த பட்டையாக இறங்கியிருந்தது. அதை ஒட்டி, கறுப்பு என்று முதலில் நினைத்தேன், உற்றுப் பார்த்தால் கதவின் தேக்கு நிறம். அடிப்பக்கத்தில் தக்காளியின் சிவப்பு நூல்போல நீண்டு வளைந்து, கறிவேப்பிலைப் பச்சையைத் தொட்ட இடத்தில் மண்ணிறமாகியிருந்தது. இருப்பதிலேயே பிரகாசமான புள்ளி கடுகைவிடச் சின்னது. நான் தலையை அசைத்தால் அதுவும் அசைந்தது. காஸ் அணைக்க மறந்து குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

உங்கள் குக்கரை இந்தக் கண்ணோடு பாருங்கள். அதன் அலுமினியம் மங்கல், சொம்பு மாதிரி எதிரொளிக்காது. அதனாலேயே பக்கத்து நிறங்கள் அதில் மெல்லத் தோய்ந்திருக்கும். வரைய அது இன்னும் நல்லது.

பாரிஸில் வாழ்ந்த ஷார்தான் என்ற ஓவியர் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், ஒரு பழைய காப்பிப் பாத்திரம், சில பூண்டு, இவ்வளவை மட்டும் வைத்து ஒரு படம் வரைந்தார். 1760ஐ ஒட்டிய வருடங்கள் அவை. அரசர்களையும் புராணத்தையும் வரைந்தால்தான் பெரிய ஓவியர் என்று மதித்த காலம். இன்று அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி அருங்காட்சியகத்தில் அந்தப் பூண்டு இருக்கிறது. நான் சொன்ன பொன்னாரின் குளியல் தொட்டிப் படமும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும்தானே? தினம் கிழிக்கும் தாளைக் கசக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், தேதியும் கிழமையும் முன்பக்கத்திலேயே இருக்கிறது. அன்று கண்ணில் பட்ட ஒன்றைப் பென்சிலால் போடுங்கள், இரண்டு நிமிடம் போதும். நிறங்களைத் தீட்ட வேண்டாம், எழுதுங்கள். "நீலம்" என்று எழுதாதீர்கள். அம்மா மாதிரி எழுதுங்கள்: ஆவின் கவர் நீலம், சிலிண்டர் சிவப்பு, ஊறவைத்த உளுந்து வெள்ளை. உங்களுக்கு மட்டும் புரியும் பெயராக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு வாரத்துத் தாள்களை ஒரு கிளிப்பில் போட்டுவைத்து, உங்களுக்கான மதியம் வரும்போது அதில் ஒன்றை மட்டும் எடுத்து வண்ணம் தீட்டுங்கள். பொருளைத் திரும்பப் போய்ப் பார்க்காமல் தீட்டிப் பாருங்கள். முதல் நாலைந்து சரியாக வராது. எனக்கும் வந்ததில்லை.

ஹம்பிக்கும் ஒருநாள் போய்வாருங்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாறைகளை நேரில் பார்ப்பது வேறு. ஆனால் அதுவரை பெட்டியை மூடி வைக்க வேண்டாம்.

பெயிண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலை கூடினது எதுவும் இப்போது வேண்டாம். கேமல் வாட்டர் கலர் ட்யூப் பன்னிரண்டு கொண்ட பெட்டி போதும், ஆறாம் நம்பர் உருண்டைத் தூரிகை ஒன்று. கறுப்பு ட்யூபை மட்டும் மூன்று மாதத்துக்குத் தொடாதீர்கள். நிழல் வேண்டும் என்றால் நீலத்தையும் மண்ணிறத்தையும் கலந்து பாருங்கள்.

மஞ்சள் மட்டும் தனியாக ஒன்று கூடுதலாக வாங்குங்கள். பொன்னாரின் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வாதுமை மரம் இருந்தது, ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளையாகப் பூக்கும். அவருடைய கடைசிப் படம் அதுதான். படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு, படத்தின் கீழே இடது மூலையில் தரைக்குப் போட்டிருந்த பச்சை சரியில்லை, மஞ்சள் வேண்டும் என்றார். கை ஓடாததால், உடனிருந்த சகோதரி மகனின் உதவியோடு அந்தப் பச்சையின் மேல் மஞ்சளைப் போட்டு முடித்தார். 1947 ஜனவரி 23ஆம் தேதி காலமானார்.

முதல் வாரத்துத் தாள்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். கொடியில் காயும் அந்தச் சட்டையும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா