வெள்ளி ரேட்டும் வீங்கும் லாக்கும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம், பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கணக்கு சாஃப்ட்வேர் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஓடுகிறது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதியும் ஆடிட் லாக் டேபிள் மட்டும் பாதி டிஸ்க்கைத் தின்றுவிட்டது. கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி பழையதை அழிக்கலாம் என்கிறார். ஆடிட்டர் கை வைக்காதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? மாதிரிக்குச் சில வரிகள் இணைத்துள்ளேன்.
- ஒரு வாசகர், சேலம்

பதில்: ஆடிட்டர் பேச்சைத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் எடிட் லாக், அதாவது நீங்கள் சொல்லும் ஆடிட் லாக், கட்டாயம். அதை அணைத்து வைக்கவும் கூடாது. கணக்குப் புத்தகங்களைப் போலவே அதையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். கூட்டு வியாபாரமாக இருந்தால் இந்த விதி வராது, ஆனால் ஜிஎஸ்டி கணக்குகளுக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் என்ற கணக்கு உண்டு.

தம்பி அழித்தாலும் டிஸ்க்கில் இடம் திரும்பாது, அது வேறு விஷயம். மைஎஸ்க்யூஎல் டேபிள்களைச் சேமிக்கும் இன்னோடிபியில் டெலீட் செய்த இடம் அந்த ஃபைலுக்குள்ளேயே காலியாகக் கிடக்கும். அதை மீட்க ஆப்டிமைஸ் கட்டளையை ஓட்டினால் டேபிள் முழுவதும் புதிதாக எழுதப்படும். அதற்கும் இடம் வேண்டும். நிரம்பிய டிஸ்க்கில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

சரி, லாக் ஏன் இப்படி வீங்கியது? உங்கள் மாதிரியைப் பார்த்தேன். எல்லா வரியும் ஒரே நிமிடத்தில் விழுந்திருக்கிறது. டிசைன், எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி எதுவும் மாறவில்லை. ரேட் மட்டும் மாறியிருக்கிறது. வெள்ளி ரேட்டை ஒவ்வொரு அயிட்டத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள்! 4,000 அயிட்டம் இருந்து, ஒரு நாளைக்கு இரண்டு முறை ரேட் மாறினால் லாக்கில் 8,000 வரி சேரும். ஒவ்வொன்றிலும் பழைய வரி, புதிய வரி என இரண்டு முழு நகல். பில்லில் யாரோ கூலியைத் திருத்திய ஒரு வரியை இந்தக் குப்பையில் எங்கே போய்த் தேடுவது?

ரேட்டைத் தேதி, நேரத்தோடு தனி டேபிளில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி போதும். பில் போடும்போது அன்றைய ரேட் பில்லிலேயே பதிவாகட்டும்.

அப்புறம், லாக்குக்கு மாதவாரியாகப் பார்ட்டிஷன் (தனித்தனிப் பகுதி) பிரித்த புது டேபிள் ஒன்று போட்டு, பழையதைப் பெயர் மாற்றி அப்படியே ஓரமாக நிறுத்துங்கள். புது டேபிளில் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீயில் தேதியும் சேர வேண்டும், இல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல் ஏற்காது. பின்னாளில் கெடு முடிந்த மாதத்தை டிராப் செய்தால் நொடியில் போய்விடும், டிஸ்க்கில் இடமும் கிடைக்கும்.

பழைய டேபிளை வேறு இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுங்கள். சர்வரிலிருந்து நீக்கும் முன் ஒரு பிரதியை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன தீபாவளி பில் ஒன்றில் கூலியை யார், எப்போது மாற்றினார்கள் என்று ஆடிட்டர் எதிரிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.