வீட்டை விற்றுப் படகில் குடியேறலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, மனைவிக்கு 55. லண்டன் அல்பேர்ட்டனில் 2004இல் வாங்கிய வீடு இன்றைக்கு 520,000 பவுண் போகும். மோட்கேஜ் 60,000 மீதி, மாதம் 700 கட்டுகிறோம். சேமிப்பு 85,000, வேலையிடத்துப் பென்ஷனில் 140,000 இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் தங்கள் காலில் நிற்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயோரம் எத்தனையோ வருடமாக நடக்கிறேன். இப்போது வேலையை விட்டு, வீட்டை விற்று, 68,000 பவுணுக்குப் பார்த்து வைத்திருக்கும் 57 அடி நாரோபோட் (குடியிருக்கக்கூடிய ஒடுங்கிய கால்வாய்ப் படகு) ஒன்றை வாங்க நினைக்கிறேன். கூரையில் சோலர், தொட்டிகளில் கீரை, அடுப்புக்கு விறகு என்று யாரையும் நம்பாமல் வாழ்ந்துகொண்டு, ஊர் ஊராக மெதுவாகப் போக ஆசை. சாப்பாட்டோடு மாதம் 800 பவுண் போதும் என்பது என் கணக்கு. மனைவி அரைமனதோடு சம்மதிக்கிறா. செய்யலாமா?

பதில்: படகை வாங்குங்கள். வீட்டை விற்காதீர்கள், குறைந்தது மூன்று வருடத்துக்கு.

உங்கள் ஆசையை நான் மனதார மதிக்கிறேன். கனால் அன்ட் ரிவர் ட்ரஸ்ட் பராமரிக்கும் நீர்வழிகள் மட்டும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல். உங்கள் பக்கத்துக் கால்வாய்க் கிளையில் மேற்கே போய், புல்ஸ் பிரிட்ஜில் வடக்கே திரும்பினால், கௌலி வரை, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் லொக் ஒன்றும் குறுக்கே வராது. பழகுவதற்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. அங்கிருந்து பர்மிங்ஹாம் வரை போகலாம். மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட அனுமதியில்லாத பாதை அது. இவ்வளவு காலம் உழைத்த ஒருவர் இதற்கு ஆசைப்படுவதில் எந்தப் பிழையும் இல்லை.

ஆனால் 800 பவுண் என்பது ஜூலை மாதத்துக் கணக்கு. ஜூலையில் சோலர் தகடுகள் ஃபிரிட்ஜையும் போனையும் லைட்டையும் தாராளமாகப் பார்த்துக்கொள்ளும், கீரையும் தழைக்கும். டிசம்பரில் சூரியன் தாழ்வாக வந்து சீக்கிரமே போய்விடும். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் தகட்டுக்கு அப்போது கிடைப்பது சொற்பம். பற்றரியை நிரப்ப ஒவ்வொரு நாளும் எஞ்சினை ஓட விட வேண்டிவரும். அடுப்பு இரவு பகலாக எரிய வேண்டும். பொறுக்கிய விறகு ஈரமாக இருக்கும், அது காய ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே புகையில்லா நிலக்கரி வாங்குவீர்கள். கடும் குளிரில் 20 கிலோ மூட்டை ஒன்று இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். டீசலும் கரியும் காஸும் ஏற்றிக்கொண்டு வரும் எரிபொருள் படகை எதிர்பார்த்துக் கரையில் நிற்கும் நாட்களும் வரும். நீங்கள் நினைக்கும் தற்சார்பு வருடத்தில் ஆறு ஏழு மாதம் உண்மை. மீதி மாதங்களுக்குக் காசு வேண்டும்.

இதற்கு மேல் படகின் சொந்தச் செலவுகள் இருக்கின்றன. ட்ரஸ்ட்டின் லைசன்ஸ் உங்கள் நீளத்துக்கு வருடம் ஆயிரம் பவுணைத் தாண்டும். படகைக் கட்டி நிறுத்த நிலையான கட்டுமிடம் இல்லாமல் திரிகிற படகுகளுக்கு 2024 ஏப்ரலில் இருந்து கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. 5 வீதத்தில் தொடங்கிய அது, 2028இல் 25 வீதமாகும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், வருடாவருடம் இன்சூரன்ஸ், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரை விட்டு ஏற்றி அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு. பற்றரிகளையும் சில வருடத்தில் மாற்ற வேண்டும். இது ஆனையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. மாதம் 1,400 என்று வையுங்கள்.

வாங்கும்போது ஒரு காரியத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பார்த்து வைத்திருக்கும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, நீங்களே அமர்த்தும் சேர்வேயரை, அதாவது படகுப் பரிசோதகரைக் கொண்டு உருக்கின் தடிப்பை அளக்க வேண்டும். அவர் பழைய பூச்சை அங்கங்கே சுரண்டி, அளவுமானியை வைத்து, கிடைக்கும் எண்ணைச் சோக்கால் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போவார். இந்தப் படகுகளில் பெரும்பாலும் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேற்கட்டு 4. நீர்மட்டத்துக்குக் கீழே 4க்குக் குறைந்த எண்கள் வந்தால் முழு இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். மேலே புதுத்தகடு ஒட்டச் சொல்வார்கள், அதற்குப் பல ஆயிரம் போகும். விற்பவர் தன்னிடமிருக்கும் பழைய அறிக்கையைக் காட்டினால் வாசியுங்கள், ஆனால் அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, 68,000 உங்களுக்குக் கூட. அதைக் கொடுத்தால் சேமிப்பில் 17,000தான் மிஞ்சும். 55,000க்குள் ஒன்று தேடுங்கள். மிஞ்சும் 30,000இல் பாதி படகுக்கென்று, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். மறுபாதி வட்டிக்கு வரியில்லாத கேஷ் ஐசா சேமிப்புக் கணக்கில்.

இனி வீடு. மோட்கேஜ் கொடுத்தவரிடம் வாடகைக்கு விட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் கவுன்சிலில் வீட்டு உரிமையாளர் லைசன்ஸ் தேவையா என்றும் கேளுங்கள். மாதம் 2,200 வாடகை வந்தால் வருடம் 26,400. ஏஜென்ற் காசு, திருத்த வேலை, இன்சூரன்ஸ், ஆளில்லாத ஒரு மாதம் என்று 8,000 கழியுங்கள். மீதி 18,400. வீடு இருவர் பெயரிலும் பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 9,200. வரியில்லாத வருமான எல்லை ஆளுக்கு 12,570. வேறு வருமானம் இல்லாதவரை வாடகைக்கு வரி வராது. மோட்கேஜ் 8,400 கட்டிய பின் கையில் 10,000, அதாவது மாதம் 830 அளவில். செலவு 1,400இல் துண்டு விழுவது 570.

அந்தத் துண்டைப் பென்ஷன் அடைக்கும். 55 வயது தாண்டியதால் 140,000இல் கால்வாசியை, 35,000ஐ, வரியில்லாமல் எடுக்கலாம். ஒரேயடியாக எடுக்காமல் மாதம் 570 என்று எடுத்தால் ஐந்து வருடம் வரும். அதற்குப் பிறகு மீதியில் கை வைக்கும்போதுதான் வரியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உங்கள் அரச பென்ஷன் வயது 67. முழுத் தொகைக்கு 35 வருட நேஷனல் இன்சூரன்ஸ் பதிவு வேண்டும். நீங்கள் நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று எழுதவில்லை. வளர்ந்த பிறகு வந்த நம்மவர்கள் பலருக்கு இதில் ஆறேழு வருடம் குறையும், வேலையை விட்டால் அது தானாக நிரம்பாது. 2025-26இல் ஒரு வருடத்தைச் சொந்தக் காசில் நிரப்ப 923 பவுண். அதனால் பென்ஷன் வருடத்துக்கு ஏறக்குறைய 342 பவுண் கூடும், சாகும்வரை. மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்புகிறது. இதைவிட நல்ல முதலீட்டை என்னால் உங்களுக்குக் காட்ட முடியாது. இருவரின் கணக்கையும் அரச இணையத்தளத்தில் இந்தக் கிழமையே பாருங்கள்.

சரி, விற்காமல் வைத்திருந்து மூன்று வருடம் கழித்து விற்றால் வரி அடிக்குமே என்று யாராவது சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். இலாபம் 300,000 என்றும், 21 வருடம் குடியிருந்து 3 வருடம் வாடகைக்கு விட்டீர்கள் என்றும் வைப்போம். குடியிருந்த காலத்துக்கும் கடைசி 9 மாதத்துக்கும் வரியில்லை. மிஞ்சுவது 24 வருடத்தில் இரண்டேகால் வருடத்துப் பங்கு: 28,125. ஆளுக்குப் பாதி, அதில் 3,000 கழிவு. 18 வீதத்தில் ஆளுக்கு 2,000 பவுண் அளவில் வரும். விற்று 60 நாளுக்குள் அறிவித்துக் கட்ட வேண்டும். இருவருமாக 4,000 பவுணுக்கு, கரைக்குத் திரும்பும் வழியை மூன்று வருடம் திறந்து வைக்கிறீர்கள். அந்த வழி உங்களுக்குத் தேவை. டிவைசஸில் கேன் ஹில் என்ற இடத்தில் 29 லொக், அதில் 16 ஒன்றை அடுத்து ஒன்றாக மலையேறும். ஒவ்வொன்றிலும் கைப்பிடியைச் சுழற்றி மதகைத் திறந்து, கதவை முதுகால் தள்ள வேண்டும். 58இல் அது சந்தோஷம். 70இல் முழங்கால் என்ன சொல்லும் என்று இப்போது தெரியாது. படகின் விலை வருடாவருடம் இறங்கும். படகை விற்ற காசில் லண்டனில் ஒரு அறைகூட வாங்க முடியாது.

குடியிருப்பவரை நினைத்தவுடன் எழுப்ப முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். 2026 மே 1 முதல், நீங்கள் திரும்பக் குடிவருவதற்கோ விற்பதற்கோ நான்கு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாடகை தொடங்கி முதல் ஒரு வருடத்துக்குள் அந்தக் காரணங்களைச் சொல்லி எழுப்பவும் முடியாது.

இனி மனைவியின் அரைமனம். எல்லாக் கணக்கையும்விட எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. கட்டுமிடம் இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு பாலத்துக்கு இடையே போய்வந்து கொண்டிருந்தாலும் போதாது, உண்மையான பயணமாக இருக்க வேண்டும். டொக்டர், கோவில், பேரப்பிள்ளை எல்லாம் ஒவ்வொரு முறையும் வேறு தூரத்தில் இருக்கும். டொய்லெற் கசெற்றை, அதாவது கழிவு சேரும் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது என்பதையும் இப்போதே கதைத்து முடிவெடுங்கள். குளிர்காலத்திலும் படகு வாடகைக்கு விடும் நிறுவனங்கள் சில உண்டு. வரும் ஜனவரியில் இருவரும் இரண்டு கிழமை போய் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு அவ வேண்டாம் என்றால், வீட்டிலேயே இருந்துகொண்டு கோடையில் மட்டும் வாடகைப் படகில் போகலாம். அதற்கு உங்களிடம் காசு தாராளமாக இருக்கிறது.

அவ சரி என்றால், படகின் விற்பனைப் பத்திரத்தில் இருவர் பெயரையும் எழுதுங்கள். வீட்டுக்கு இருப்பதுபோன்ற உரிமைப் பதிவேடு கால்வாய்ப் படகுக்குக் கிடையாது, அந்தப் பத்திரமும் காசு கொடுத்த ரசீதும்தான் ஆதாரம். உங்கள் உயிலையும் அதற்கேற்ப மாற்றுங்கள். வங்கிக்கும் டொக்டருக்கும் கடிதம் வர, பிள்ளைகளில் ஒருவரின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் சேர்வே அறிக்கையை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து வாசிப்போம்.