சாரலுக்குப் பயந்து சைக்கிளைப் பூட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு 41 வயது. தென்காசியில் பள்ளிக்கூட வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வாரம் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் மகனுடைய கியர் சைக்கிள் என்று ஆரம்பித்தேன். மே மாத வெயிலிலும் விடவில்லை. ஆனால் ஜூன் பிறந்து சாரல் விழுந்ததும் எல்லாம் நின்றுபோச்சு. கிளம்பும்போது வானம் வெளுத்திருக்கிறது. ஐந்தருவி ரோட்டைத் தொடுவதற்குள் நனைந்துவிடுகிறேன். மூக்குக்கண்ணாடி மங்கி வழி தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் அத்தை, "நனைஞ்சிட்டு வந்து நிக்கா பாரு, சளி பிடிச்சா யாரு பாக்கது?" என்கிறார். பேசாமல் சீசன் முடிந்து அக்டோபரில் மறுபடி தொடங்கலாமா? மாஞ்சோலைக்கு சைக்கிளில் போகலாமா, ஓடி முடித்த கையோடு அருவியில் குளிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: தங்கச்சி, நிறுத்த வேண்டிய மாதத்தில் ஓடிவிட்டு, ஓட வேண்டிய மாதத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். கத்திரி வெயிலில் தார்ரோட்டில் ஓடியவருக்குச் சாரல் ஒரு பயமா? நம் பக்கத்தில் வெளியே ஓடவும் மிதிக்கவும் வருஷத்திலேயே தோதான காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். மெட்ராஸ்காரர்கள் ராத்திரி பஸ் பிடித்து வந்து அனுபவிக்கிற காற்று உங்கள் வாசலில் சும்மா வீசுகிறது. அக்டோபரில் தொடங்கலாமா என்கிறீர்கள். உங்களை நான் எச்சரிக்க வேண்டியதே அந்த மாதத்தைப் பற்றித்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கமாக மலையேறும்போதே சுமையில் பெரும்பங்கை அங்கே இறக்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஈரம், மலை தாழ்ந்து கிடக்கிற ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மேல் பொடிப்பொடியாக விழுகிறது. ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலியில் அதே நேரம் துணி காய்ந்துகொண்டிருக்கும். தென்காசியைத் தனி மாவட்டமாக 2019-ல் பிரித்தார்கள். வானம் அதற்கு வெகுகாலம் முன்பே பிரித்து வைத்துவிட்டது. இந்தச் சாரலில் பெரும்பாலும் இடி மின்னல் கிடையாது. கொஞ்ச நேரம் விழும், வெறிக்கும், நடுவே வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடி விழும். ஓடுகிற உடம்பு சும்மா இருக்கிற உடம்பைவிடப் பலமடங்கு சூட்டைக் கிளப்புகிறது. அந்தச் சூட்டைச் சாரல் அவ்வப்போது வாங்கிக்கொண்டு போவதால், மே மாதத்தில் மூச்சு வாங்கிய அதே தூரம் இப்போது லேசாகத் தெரியும். 'வானம் வெளுத்திருந்தது, பிறகு நனைந்துவிட்டேன்' என்று குறைப்படாதீர்கள். நனைவோம் என்று முடிவு செய்துகொண்டே படியிறங்குங்கள்.

சாரல் காலத்தில் கணக்குப் போட வேண்டியது காற்றைத்தான். நம்மூர் மேகாத்தை, அதாவது மேற்கே மலைப்பக்கமிருந்து அடிக்கிற காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் சைக்கிளில் ஏறிய பிறகு அதன் குணமே வேறு. ஜூலையில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிறது என்று காலையில் கிளம்பிப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? போகும்போது சீட்டி அடித்துக்கொண்டு போவார்கள். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். தான்தான் பெரிய வீரன் என்ற நினைப்பு வரும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறுகிற காலம் இது. எட்டு மணிக்குமேல் மேற்குப் பார்த்து மிதித்தால், சமதளத்திலேயே கியரைக் குறைத்துக்கொண்டு மலையேறுகிற மாதிரி திண்டாட வேண்டியிருக்கும். ஆகவே உடம்பில் தெம்பு இருக்கிற முதல் பாதியில் மலையைப் பார்த்துப் போங்கள். இலஞ்சி, வல்லம், செங்கோட்டை, பண்பொழி என்று மேற்கே எவ்வளவு வேண்டுமானாலும் வழி இருக்கிறது. களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைக் கொண்டுவந்து வீட்டில் விடும். நனைந்த உடம்பில் எதிர்க்காற்று படாமல் வீடு வந்து சேர்வது கூடுதல் லாபம். சூரியகாந்தி பார்த்தே ஆக வேண்டும் என்றால், திரும்புவதற்குப் போனதைப் போல ஒன்றரைப் பங்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க செல்போன் வேண்டாம். சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் நிற்கிற காத்தாடிகள் இருக்கின்றனவே, அவை காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சுற்றும். இறக்கைகள் மலையைப் பார்த்திருந்தால் மேகாத்து. முகம் கிழக்கே திரும்பிவிட்டால் பருவம் மாறுகிறது என்று பொருள்.

இன்னொன்று. தென்னந்தோப்பு ஓரமாகப் போகும்போது காற்றே தெரியாது. தோப்பு முடிந்து வயல் திறக்கிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். அந்த இடத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் இன்னும் அலையும். முழங்கையைத் தளர்த்தி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ரோட்டோரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே வந்து போங்கள். பஸ் கடந்து போனதும் இதே தள்ளு வரும். மழைக்கு ஒதுங்குவதாக இருந்தாலும் தென்னைக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள். ஆடிக்காத்தில் மட்டை விழுவதற்கு நேரம் காலம் கிடையாது. அதே காற்று உடைமுள்ளையும் ரோட்டில் கொண்டுவந்து போட்டிருக்கும். பஞ்சர் ஒட்டுகிற சாமானும் கைப்பம்பும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

உடுப்பு விஷயத்தில் நம்மவர்கள் செய்கிற தப்பு, மோட்டார் சைக்கிள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவது. வெளித்தண்ணீர் உள்ளே வராது, வாஸ்தவம். உள்ளே ஊறுகிற வேர்வையும் வெளியே போகாதே! கால் மணி நேரத்தில் உள்ளிருந்தே நனைந்து போவீர்கள். பருத்தி நம் ஊர் வெயிலுக்கு ராஜா. சாரலுக்கு அது ஆகாது. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கனத்து, தோலோடு ஒட்டி, தொடையிலும் அக்குளிலும் உரசிப் புண்ணாக்கும். திருப்பூர்க்காரர்கள் தைக்கிற மெல்லிய பாலியஸ்டர் டீ-ஷர்ட் போதும், அது ஓடும்போதே காயும். உரசுகிற இடங்களில் கிளம்பும் முன் வாசலின் தடவுங்கள். ஓட்டத்துக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். முதல் பத்து நிமிஷம் லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். சைக்கிளுக்கு மட்டும் கையடக்கமாக மடிகிற விண்ட்சீட்டர் ஒன்று. அதையும் மிதிக்கும்போது போட வேண்டாம். டீக்கடையில் நிற்கும்போதும் இறக்கத்தில் வரும்போதும் போடுங்கள். குளிர் பிடிப்பது மிதிக்கிறபோது இல்லை, நின்ற பிறகுதான்.

மூக்குக்கண்ணாடிக்கு வழி சுலபம். முன்பக்கம் நீண்ட தொப்பி போட்டால் சாரல் நேராகக் கண்ணாடியில் விழாது; ஹெல்மெட்டுக்கு அடியிலும் மெல்லிய துணித் தொப்பி உட்காரும். துடைக்க உலர்ந்த கைக்குட்டை ஒன்றை, செல்போனை வைக்கிற அதே பிளாஸ்டிக் கவருக்குள் போடுங்கள். சேலைத் தலைப்பிலும் டீ-ஷர்ட் நுனியிலும் துடைத்தால் மங்கல்தான் மிஞ்சும்.

இனி அத்தை. சளி பிடிப்பது வைரஸ் கிருமியால். நனைவதால் அது பிறப்பதில்லை. இதை அவரிடம் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டில் நிம்மதி முக்கியம். அவர் சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது. ஈர உடுப்போடு அரை மணி நேரம் அடுப்படியில் நின்று தோசை வார்த்தால் உடம்பு நடுங்கத்தான் செய்யும். வந்ததும் வாசலிலேயே ஷூவைக் கழற்றி, தலை துவட்டி, உடுப்பு மாற்றிவிட்டுப் பிறகு அவர் எதிரே போங்கள். பாதிச் சண்டை குறையும். கால்விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள், சர்க்கரை எட்டிப் பார்க்கிற உடம்புக்குப் பாதம் முக்கியம். காலில் வெடிப்போ காயமோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக நுழையலாம். ஷூவுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்து மாற்றி வைத்தால் மறுநாளைக்கு ஓரளவு காய்ந்துவிடும். அத்தை சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தால் சந்தோஷமாகக் குடியுங்கள், கருப்பட்டி இல்லாமல். உடன்குடிக் கருப்பட்டி என்றாலும் சர்க்கரை சர்க்கரைதான். குளுகுளுவென்று இருப்பதால் தாகம் தெரியாது, ஆனால் வேர்வை போய்க்கொண்டேதான் இருக்கிறது. திரும்பி வந்ததும் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

மகனுடைய சைக்கிளில் பிரேக் எப்படிப்பட்டது என்று எழுதவில்லை. சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரப்பர்க் கட்டையாக இருந்தால், ஈரத்தில் முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு அது தண்ணீரைத்தான் வழிக்கும், அதற்கப்புறம்தான் பிடிக்கும். விளிம்பு இரும்பாக இருந்தால் இன்னும் மோசம். வளைவுக்கு வெகு முன்பாகவே லேசாகத் தொட்டு ஈரத்தைத் துடைத்துவிட்டு, நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடி, ரயில்வே கேட் தண்டவாளம் மூன்றும் ஈரத்தில் வழுக்கும். தண்டவாளத்தை எப்போதும் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கியர் சைக்கிளில் பெரும்பாலும் மட்கார்டு வைத்து விற்பதில்லை, அதனால்தான் முதுகில் நெடுக ஒரு சேற்றுக் கோடு விழுகிறது. பிளாஸ்டிக் மட்கார்டு எந்த சைக்கிள் கடையிலும் மாட்டித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய். முன்னும் பின்னும் லைட் வேண்டும், பட்டப்பகலிலும்.

செங்கோட்டையைத் தாண்டி புளியரை, கோட்டைவாசல் பக்கம் மட்டும் போகாதீர்கள். கேரளாவுக்குப் பாரம் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கிற ரோடு, வளைவுகள் வேறு. குற்றாலம் ரோட்டுக்கு சனி ஞாயிறு வேண்டாம், வேன்கள் நடுவே ஓடுவதில் என்ன சுகம்? மலையடிவாரத் தோப்புப் பக்கம் விடியும் முன்பு போக வேண்டாம்; கரடியும் காட்டுப்பன்றியும் வீடு திரும்புகிற நேரம் அது. காதில் பாட்டுக் கருவியும் வேண்டாம்.

இப்போது அக்டோபருக்கு வருவோம். நம் பக்கம் வானம் அடிக்கிற காலம் இரண்டு. ஏப்ரல், மே மாதக் கோடைமழை ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் இன்னொன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையனைக் கொண்டுபோனதே, அப்போது சாரல் சீசன் தொடங்கவே இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சாரலில் மலை முழுக்க ஒரே சாம்பல் நிறமாக மூடிக் கிடக்கும். இந்த மழைகளுக்கு முன்பு பெரும்பாலும் காலை பளிச்சென்று இருக்கும், புழுங்கும், மத்தியானத்துக்குமேல் ஒரு மூலையில் மேகம் கறுத்துக் குவியும். அப்படி ஒரு காலையைப் பார்த்தால் ஓட்டத்தை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், சாயங்காலம் வெளியே போகாதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், பக்கத்தில் எந்தக் கட்டடம் இருக்கிறதோ அதற்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினால் போதும். பனைமரத்தடியும், தனியாக நிற்கிற வேப்பமரத்தடியும், குளத்துக்கரையும் அந்த நேரத்தில் ஆகாது. தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தாலும் மலையில் கொட்டிக்கொண்டிருக்கலாம். ஓடைத் தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் சேர்ந்து வர ஆரம்பித்தால் கரையேறிவிட வேண்டும். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கிற வேலை வேண்டாம், திரும்புங்கள்.

மாஞ்சோலை: வேண்டாம். மணிமுத்தாறுக்கு மேலே களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-லிருந்து. வனத்துறை அனுமதிக்கிற நாளில் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மலையேறித்தான் ஆக வேண்டும் என்று கால் துறுதுறுத்தால் பண்பொழித் திருமலைக்கோவில் படிகள் இருக்கின்றன. ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள். ஈரப் படியில் இறங்குவதுதான் முழங்காலுக்கு வினை.

அருவிக் குளியல் தாராளமாகப் போடலாம். ஓடிய வேகத்தில் நேராகப் போய்த் தலையைக் கொடுக்காமல், பத்து நிமிஷம் நடந்து மூச்சு அடங்கியதும் போங்கள். போலீஸ் கயிறு கட்டித் தடை போட்டிருந்தால் பக்கத்து அருவியில் முயற்சி செய்ய வேண்டாம், எல்லாவற்றுக்கும் தண்ணீர் வருவது ஒரே மலையிலிருந்துதான். சைக்கிளுக்குப் பூட்டுச் சங்கிலி கொண்டுபோங்கள். ஹேண்டில்பாரில் வாழைப்பழத்தைத் தொங்கவிடாதீர்கள். குற்றாலத்துக் குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கவே பழகியவை.