கால் அமத்தினால் வயிற்று நோ போகுமா?

கேள்வி: மகளுக்குப் பதினைந்து வயது, ஓ.எல். சோதனை எடுக்கப்போகிறாள். மாதாமாதம் தீட்டு வரும் முதல் நாள் வயிற்று நோவில் சுருண்டு படுத்துவிடுகிறாள்; பள்ளிக்கூடமும் இல்லை, ரியூசனும் இல்லை. குளிசை போட்டால் பிறகு பிள்ளை தங்காது என்று மாமி தடுக்கிறார். கனடாவிலிருந்து வந்த உறவுக்காரர், காலில் ஓரிடத்தை அமத்தினால் நோ நிற்கும் என்கிறார். செய்து பார்க்கலாமா? கல்யாணமாகாத பிள்ளையைப் பெண் நோயியல் வைத்தியரிடம் கொண்டுபோகவும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: தாராளமாகச் செய்து பார்க்கலாம் அம்மா. காசுச் செலவும் இல்லை, கேடும் இல்லை. ஆனால் அதைச் சாட்டாக வைத்துக் குளிசையை மறுக்காதீர்கள்.

அவர் சொன்னது அநேகமாகச் சான்யின்ஜியாவ் என்ற சீன மருத்துவப் புள்ளியாக இருக்கும். மகளின் நான்கு விரல்களையும் சேர்த்து, சுண்டுவிரல் உட்பக்கக் கணுக்கால் மொளியின் உச்சியில் இருக்கும்படி காலில் குறுக்காக வையுங்கள். சுட்டுவிரல் முடிகிற மட்டத்தில், கால் எலும்பின் பின் விளிம்பை ஒட்டி மெத்தென்று ஓரிடம் தட்டுப்படும். அமத்தினால் சற்றுக் கடுக்கும். அளவுக்கு உங்கள் விரல் சரிவராது, அவளுடைய விரல்தான் வேண்டும். பெருவிரலால் அமத்திச் சில விநாடி பிடித்து, விட்டு, மறுபடி அமத்துங்கள். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் போதும். கன்றிப்போகும்படி அழுத்த வேண்டாம். சோதனை மண்டபத்தில் காலுக்குக் குனிய முடியாதே, அங்கே பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையை மற்றக் கையால் அமத்தலாம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்த இரண்டு இடங்களையும் அமத்துவதில்லை.

பலன் உண்டா என்றால், சிலருக்கு நோ தணிந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் 2016இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, அந்த ஆய்வுகளை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டது. என்னைக் கேட்டால், சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி அடிவயிற்றில் வைப்பதைத்தான் முதலில் சொல்வேன். கால் அமத்துகிற வேலையை மாமியிடம் கொடுத்துவிடுங்கள்; குளிசைச் சண்டையும் கொஞ்சம் அடங்கும்.

அந்தக் குளிசை விஷயத்தில் மாமி சொல்வது சரியில்லை. கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் புரொஸ்டாகிளாண்டின் தசையை இறுக்குவதால்தான் இந்த நோ. ஐபுபுரோபன், மெபனமிக் அசிட் போன்றவை அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. அதனால் நோ முற்றும்வரை காத்திருக்காமல், தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். எவ்வளவு என்பதைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டொரு நாள் போடுவதால் பின்னாளில் பிள்ளை தங்காமல் போகாது. ஆஸ்துமா, வயிற்றுப்புண் உள்ளவர்கள் தாமாகப் போடக் கூடாது. மாரியில் நம்மூரில் டெங்கு பரவும் அல்லவா, அப்போது காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஐபுபுரோபன், மெபனமிக் அசிட் இரண்டையும் தொடவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பரசிற்றமோல் மட்டும் கொடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் பள்ளிக்கூடம் தவறினாலோ, தீட்டில்லாத நாளிலும் நோ இருந்தாலோ, மாதத்துக்கு மாதம் நோ கூடினாலோ, மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைந்தாலோ பெண் நோயியல் வைத்தியரிடம் போயே ஆகவேண்டும். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், இந்த வயதிலும் வரும். நீங்கள் பயப்படுவதுபோல் அங்கே ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் கேள்விகள் கேட்பார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வயிற்றுக்கு மேலால் ஸ்கான் எடுப்பார்கள். மகளோடு தனியே பேச வேண்டும் என்றால் கோபிக்காமல் வெளியே இருங்கள். ஸ்கான் என்றால் அவளை நிறையத் தண்ணீர் குடித்து, சலத்தை அடக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சலப்பை நிறைந்திருந்தால்தான் கருப்பை தெளிவாகத் தெரியும்.